கோலாலம்பூரில் நிக்காஹ் வைக்க நினைப்பவர்களுக்கு

நிக்காஹ்வைக் கோலாலம்பூரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த தம்பிகள் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரில் பள்ளிவாசல் ஜமாஅத்தில் சொல்லி, ஓதிவைக்கும் ஹஜ்ரத்தை அழைத்து, தஃப்தர் என்னும் ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட்டு முடிப்பதுபோல இங்கே முடிக்க இயலாது. கோலாலம்பூருக்கு 1984ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம். பினாங்குக்கு 2004இல் இயற்றிய தனிச் சட்டம். சமயத் துறையின் முன் அனுமதி இல்லாமல் வீட்டில் நாலு பேரை வைத்து ஓதிவிடுவது குற்றம். தற்காலிகத் தொழிலாளர் அனுமதியில் வந்தவர்கள் இங்கே மணம் முடிக்கவே கூடாது.

பலர் இடறுவது வலி விஷயத்தில். வலி என்றால் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர். நம் கல்யாணங்களில் தாய்மாமன் முன்வரிசையில் நிற்பார்; இங்கே அவர் வலியாக முடியாது. தந்தை, தந்தையின் தந்தை, சகோதரன், சகோதரன் மகன், பிறகு தந்தையின் சகோதரர்கள் என்று வரிசை தந்தை வழியிலேயே போகும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) பின்பற்றுபவர்களுக்கு இது தெரிந்ததே. ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப். வயது வந்த பெண் தானே சம்மதித்துச் செய்யும் நிக்காஹ் செல்லும் என்று படித்து வளர்ந்தவர்கள். மலேசியாவில் நடைமுறை ஷாஃபி மத்ஹப், ஆகவே அந்த வாதம் இங்கே எடுபடாது. பெண்ணின் அத்தா (தந்தை) வர இயலாவிட்டால், தம் சார்பில் நடத்திவைக்கும் அதிகாரத்தை முறைப்படி எழுதித் தரட்டும். இஸ்லாத்தைத் தழுவிய பெண்ணுக்கு முஸ்லிம் அல்லாத தந்தை வலியாக மாட்டார். மேற்சொன்ன வரிசையில் முஸ்லிம் யாரும் இல்லாவிட்டால், அதிகாரபூர்வமாக நியமிக்கப்பட்ட வலியாகிய வலி ஹாக்கிம்தான் நடத்திவைப்பார். பெண்ணின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது.

மஹரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது மணமகன் மணமகளுக்குத் தருவது, அவளுடைய சொத்து. மனமுவந்து கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனமே கட்டளையிடுகிறது. இங்கே மஹரையும் கூடுதல் அன்பளிப்பையும் பதிவாளர் குறித்துக்கொள்கிறார். பெண் வீட்டார் தரும் கைக்கூலிக்கும் (வரதட்சணைக்கும்) சீருக்கும் அந்தப் பதிவில் இடமில்லை, மார்க்கத்திலும் இல்லை. ஊரில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று கடல் தாண்டி வந்தும் அதைக் கேட்பது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. தாலிபோலக் கருகமணிச் சரம் கட்டுவது உங்கள் விருப்பம். கட்டாவிட்டாலும் நிக்காஹ் நிறைவானதே.

விண்ணப்பத்தைக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் தரவேண்டும் என்கிறது சட்டம். நமக்கு அது போதவே போதாது. தூதரகத்தின் தடையில்லாச் சான்று, திருமணத்துக்கு முந்தைய வகுப்பு, எச்ஐவி பரிசோதனை எல்லாம் இருக்கின்றன. சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

ஊரிலேயே நிக்காஹ் முடித்து மனைவியை அழைத்துவரப் போகிறீர்களா? தஃப்தர் நகலை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். மனைவிக்கு இங்கே அனுமதி கேட்கும்போது அந்த அரசுச் சான்றிதழ் தேவைப்படும்; விடுப்பு முடிவதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள்.