புரூக்ளின் பிரவுன்ஸ்டோன் வீட்டு மாடியில் ஓர் அறை: லேண்ட்மார்க் வட்டாரத்தில் எவ்வளவு கட்டலாம்?

கல்வீடு:
நியூயார்க்கின் புரூக்ளினில், லேண்ட்மார்க் வட்டாரத்துக்குள் (பழமை காக்கப்படும் பகுதி) வரும் வரிசை வீடு. நான்கு தளம், அடியில் செல்லர், அதாவது நிலவறை. மனை 20-க்கு 100 அடி, வீடு 20-க்கு 45, முகப்பு உயரம் 42 அடி. மாநகரக் கட்டட விதிப்படி மண்டலம் ஆர்6பி. மொட்டை மாடியில் 10 அடி உயரத்தில் ஓர் அறை எழுப்ப வேண்டும். எவ்வளவு பெரிதாகப் போகலாம்? தெருவிலிருந்து தெரியக்கூடாது என்கிறார்கள், அதை எப்படி அளப்பது? சொந்த இடத்தில் கட்டுவதை லேண்ட்மார்க் கமிஷன் அடியோடு மறுக்க முடியுமா?

வரைபலகை:
முதலில் எஃப்.ஏ.ஆர். பாருங்கள், ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்போமே, அதுதான்: மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு. ஆர்6பி-யில் குடியிருப்புக்கு 2.0. உங்கள் மனை 2,000 சதுர அடி, ஆக 4,000 வரை. ஒரு தளம் 900, நான்குக்கு 3,600. மிச்சம் 400, அதாவது 20-க்கு 20 அறை. குடியிருக்கப் பயன்படுத்தாத செல்லர் கணக்கில் வராது. ஆனால் நான்கில் கீழ்த்தளம் பாதி உயரத்துக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அப்படியானால் விதிப்படி அதுவும் செல்லர்தான், அங்கே குடியிருக்காவிட்டால் 900 சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும். 2024 டிசம்பரில் மண்டல விதிகள் திருத்தப்பட்டன, பழைய உயர அட்டவணையை வைத்து வரையாதீர்கள்.

பார்வைக்கோடு: முகப்பிலிருந்து எதிர் நடைபாதை 60 அடி, கண் மட்டம் ஐந்தரை அடி என்று வைத்தால், 42-ல் ஐந்தரை போக 36.5, அதை 60-ஆல் வகுக்க 0.61. முகப்பிலிருந்து ஓரடி பின்னே போனால் 0.61 அடி உயரம் மறையும். 10 அடி அறை மறைய ஏறக்குறைய பதினாறரை அடி உள்வாங்க வேண்டும். 400 சதுர அடி அறையைப் பின்பக்கம் தள்ளினால் முன்னால் 25 அடி கிடைக்கிறது, தாராளம். எதிர் நடைபாதையில் எங்கே நின்றாலும் உங்கள் முகப்பு மறைக்கும் அளவு இதுவேதான். காட்டிக்கொடுப்பது பக்கத்து வீட்டின் தாழ்ந்த முகப்பும், குறுக்குத் தெருவிலிருந்து பின்தோட்டங்கள் வழியாகத் தெரியும் இடைவெளியும்தான்.

செங்கல்:
கணக்கு சரி. ஆனால் அறையை மட்டும் பார்த்தால் போதாது.

பக்கத்து வீட்டுச் சிம்னி உங்கள் அறைக்கு அருகில் இருந்தால் அதை உங்கள் செலவில் உயர்த்த வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட அது 2 அடி உயரமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிம்னி முகப்பிலிருந்து 15 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். அங்கே மறைவது 9 அடி, சிம்னியோ 12 அடி. அறை மறைந்தும் 3 அடி சிம்னி வானத்தில் தெரியும். பல விண்ணப்பங்கள் சிக்குவது இங்கேதான். கைப்பிடிக் கம்பி, ஏசி யூனிட், படிக்கட்டுக் கூண்டு எல்லாவற்றுக்கும் இதே கதி.

அடுத்தது தரை. பழைய கூரைக் கட்டைகள் ஆள் நடமாடும் தளத்துக்காகப் போட்டவை அல்ல. பொதுச்சுவருக்கு (பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர்) பொதுச்சுவர் இரும்பு உத்தரம் போட்டு அதன் மேல் புதுத் தரை அமைப்பதே நல்லது. உத்தரமும் தரையும் சேர்ந்து ஓரடிக்கு மேல் ஏறும், உங்கள் 10 அடி 11 ஆகிவிடும். அதைச் சேர்த்தே பார்வைக்கோடு போடுங்கள். அதே பொதுச்சுவரில் அடுத்த வீட்டுக் கட்டைகளின் முனைகளும் செருகியிருக்கும், எனவே உத்தரம் செருகக் குழி வெட்டும் முன் இருபுறமும் அளக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரைக் கெட்டியான சிமெண்டால் அடைத்தால் செங்கல்தான் உடையும். உங்கள் உயர்ந்த சுவரால் பக்கத்துக் கூரையில் பனி குவியும், அந்தச் சுமையையும் இன்ஜினியர் கணக்கிட்டாக வேண்டும்.

கல்வீடு:
சிம்னியை யோசிக்கவே இல்லை. நன்றி. மறுப்பது பற்றி?

வரைபலகை:
முடியும். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்பக் கமிஷன் மறுத்தது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லும் என்றது. ஆனால் வரிசை வீட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் ஓர் அறை அந்த ரகமல்ல. தெருவிலிருந்து தெரியாது என்றால் பெரும்பாலும் அலுவலர் மட்டத்திலேயே முடியும். நன்றாகத் தெரிந்தால் கம்யூனிட்டி போர்டு (வட்டார ஆலோசனைக் குழு), பிறகு கமிஷனின் பொது விசாரணை.

முழு வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும் முன் மாடியில் மரக்கம்பு நட்டு, ஆரஞ்சு வலை கட்டி, அறையின் உருவத்தைக் காட்டுங்கள். செங்கல் சொன்ன சிம்னிக்கும் தனிக் கம்பு வேண்டும். எதிர் நடைபாதை, இரு மூலைகள், குறுக்குத் தெரு எல்லா இடத்திலிருந்தும் படமெடுங்கள், முடிந்தால் மரங்கள் இலையுதிர்ந்த காலத்தில். இலை மறைத்தது என்பதைக் கமிஷன் ஏற்காது.