உறவுக்குப் பிறகு ஆணுறுப்பின் மொட்டில் சிவப்பு, எரிச்சல்: பால்வினை நோயா, வெறும் தோல் எரிச்சலா?

மழைக்குருவி (கேள்வி)

ஆணுறை போட்டுத்தான் உறவு, கிழியவில்லை, நழுவவில்லை. வாய்வழி உறவு மட்டும் ஆணுறை இல்லாமல். இன்றோடு 9 நாள். 3-ம் நாளிலிருந்து மொட்டு சிவந்திருக்கிறது. முன்தோல் ஓரத்தில் காகிதம் கீறிய மாதிரி இரண்டு வெடிப்பு. அரிப்பு இருக்கிறது, தண்ணீர் பட்டால் எரிகிறது. சீழ், கொப்புளம் எதுவும் இல்லை. கிருமிநாசினி கலந்து தினமும் 4 தடவை கழுவுகிறேன். மருந்துக் கடையில் கொடுத்த க்ரீம் போட்டதும் இரண்டு நாள் அடங்கியது, நிறுத்தியதும் முன்பைவிட மோசம். மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்ன வெள்ளைப் பொரிகளும் தெரிகின்றன. எச்ஐவி, சிபிலிஸ் பயம் தூங்க விடவில்லை. எந்த டெஸ்ட், எப்போது எடுப்பது?

களிம்புக்காரன்

முதலில் அந்தக் கிருமிநாசினி பாட்டிலை மூடி வையுங்கள். நீங்கள் சொல்லும் குறிகளில் பாதி அதன் வேலையாகவே இருக்கலாம். மொட்டின் தோலும் முன்தோலின் உட்புறமும் ரொம்ப மெல்லியவை. தினமும் நாலு தடவை கழுவினால் எண்ணெய்ப் பசை போய், காய்ந்து, சுருங்கி, இழுக்கும்போது வெடிக்கும். எரிகிறதே என்று மறுபடி கழுவினால் இன்னும் எரியும்.

அந்த க்ரீமின் அட்டையைப் பாருங்கள். குளோபெட்டசால் அல்லது பெக்லோமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்திருப்பார்கள். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிக் காட்டும். பூஞ்சை இருந்தால் அது அடியில் நிம்மதியாக வளரும். விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிடச் சுமார் 40 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சும். கை காலுக்குப் போடும் அளவில் இங்கே தடவினால் தோல் இன்னும் மெலிந்துபோகும். நிறுத்தியதும் சில நாள் சிவப்பு கூடத்தான் செய்யும். பயந்து மறுபடி தடவாதீர்கள்.

இனி கழுவுவது ஒருநாளைக்கு ஒரு தடவை, வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், சோப்பு வேண்டாம். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசலின் மெல்லிசாகத் தடவுங்கள். பிறகு முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னாலேயே விட்டால் வீங்கி மாட்டிக்கொள்ளும், அப்புறம் அவசரப் பிரிவுதான். ஆறும்வரை உறவு வேண்டாம். வாசலின் லேட்டக்ஸ் ஆணுறையை நைந்துபோகச் செய்யும்.

ஒரு வாரத்தில் தெளியாவிட்டாலோ, தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படிந்தாலோ, சிவப்பின் ஓரத்தில் தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ, கேண்டிடா பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். குளோட்ரிமசோல் 1% க்ரீம், காலை, இரவு, 2 வாரம். நாலாம் நாளே அரிப்பு நிற்கும், அதற்காக நிறுத்தக் கூடாது. முன்தோல் வெடிப்போடு பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள். பலருக்கு நீரிழிவு இப்படித்தான் தெரியவருகிறது. டபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

விளிம்பைச் சுற்றிய பொரிகள் ஒரே அளவில், ஒன்றிரண்டு வரிசையாக, வலி இல்லாமல் இருந்தால் அது இயல்பான தோலமைப்பு. இத்தனை நாள் இருந்திருக்கும், இப்போதுதான் உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். கிள்ளாதீர்கள்.

சோதனைக்குழாய்

டெஸ்ட் பக்கம் நான் சொல்கிறேன். சீக்கிரம் எடுத்துவிட்டு 'நெகட்டிவ்' என்று நிம்மதியடைவதுதான் இங்கே பெரிய தப்பு.

கொனோரியா, கிளமிடியா: 14-ம் நாளுக்கு மேல் சிறுநீரில் என்ஏஏடி டெஸ்ட் (கிருமியின் மரபணுவைத் தேடுவது). குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு, முதலில் வரும் 20–30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் டெஸ்டுக்கு நடுச் சிறுநீர் கேட்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் நடுவில் பிடித்தால் கிருமியெல்லாம் முதல் பீச்சிலேயே போயிருக்கும்.

எச்ஐவி: நான்காம் தலைமுறை டெஸ்டை (வைரஸின் புரதம், அதற்கு எதிரான ஆன்டிபாடி இரண்டையும் தேடுவது) நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஆய்வகத்தில் செய்தால் 45 நாளில் முடிவு உறுதி. விரல் நுனி ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள். ஆணுறை கிழியாததால் உங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியது, அந்தக் கட்டம் தாண்டியாயிற்று.

சிபிலிஸ்: புண் வந்தால் அன்றே காட்டுங்கள். வராவிட்டால் 12 வாரத்தில் ஆர்பிஆர் அல்லது விடிஆர்எல், கூடவே டிபிஎச்ஏ. எல்லாமே சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகள். வாய்வழி உறவிலும் இது தொற்றும் என்பதால் விட்டுவிடாதீர்கள்.

'முழு பால்வினை பேக்கேஜ்' என்று ஹெர்பிஸ் ஐஜிஎம் என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து விற்பார்கள். வேண்டாம், அது தப்பாக பாசிட்டிவ் காட்டி ஆளைக் கலங்கடிக்கும். கொப்புளம் வந்தால் புதுசாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுப்பதுதான் சரி.

மழைக்குருவி

நன்றி. புண் வந்தால் எது ஹெர்பிஸ், எது சிபிலிஸ் என்று எப்படித் தெரியும்? இதற்கிடையில் பாதுகாப்புக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் போட்டுவிடலாமா?

வெண்படலம்

ஹெர்பிஸ் பெரும்பாலும் 2 முதல் 12 நாளில் வரும். முதலில் ஊசி குத்துவது போலச் சுருசுரு என்றிருக்கும், பிறகு ஒரே இடத்தில் கொத்தாக நீர்க் கொப்புளங்கள், உடைந்தால் நல்ல வலி. சிபிலிஸ் புண் பொதுவாக 3 வாரம் கழித்து (10 முதல் 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும்), பெரும்பாலும் ஒற்றையாக, வலியில்லாமல் வரும். விரலால் பிடித்தால் அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி கெட்டியாக இருக்கும். சில வாரத்தில் தானே ஆறிவிடும். ஆறியது தோல்தான், நோய் உள்ளேயே இருக்கும். எப்போதும் இந்த இலக்கணப்படியே வராது. அதனால் எந்தப் புண்ணுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

அரிப்பு மட்டும் என்றால் பால்வினை நோய்ப் பட்டியலுக்கு முன் வேறு சிலதைப் பார்க்க வேண்டும். ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் பொரி இருந்தால் சிரங்கு. தொடை இடுக்கில் வளையமாகப் பரவி விதைப்பையை விட்டுவைத்தால் படர்தாமரை. தாமதப்படுத்தும் ஆணுறையில் பென்சோகைன் இருக்கும். அதுவோ ரப்பரோ ஒத்துக்கொள்ளாமல் ஓரிரு நாள் கழித்துச் சிவக்கலாம். எந்த ஆணுறை என்று உறையைப் பாருங்கள். ரப்பர்தான் காரணம் என்றால் பாலியூரித்தேன் ஆணுறை இருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் கண்டிப்பாக வேண்டாம். கேண்டிடா அதில் கூடும். சிறுநீர் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். இன்னொரு வம்பும் உண்டு: கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் போன்றவை சிலருக்கு மொட்டிலேயே வட்டமாகக் கருஞ்சிவப்புத் திட்டை உண்டாக்கும். ஒவ்வொரு தடவை அதே மாத்திரை விழுங்கும்போதும் அதே இடத்தில் வரும். அதையும் பால்வினை நோய் என்று நினைத்து மறுபடி அதே மாத்திரையைப் போடுகிறவர்கள் உண்டு.

சீழ் வடிதல், காய்ச்சல், விதை வீக்கம், சிறுநீர் அடைப்பு, இதில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சிவப்போ வெண்திட்டோ 4 வாரம் தாண்டியும் ஆறாமல், முன்தோல் இறுகிக்கொண்டே வந்தால் தோல் மருத்துவர். தேவைப்பட்டால் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். போகும் அன்று எதையும் தடவாமல் போங்கள், க்ரீம் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.