'திஸ் லைஃப்' பார்த்தவர்கள் யாராவது உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பிபிசி டூவில் 1996, 97ல் வந்த 'திஸ் லைஃப்' தொடரில் இப்போது மூழ்கிக் கிடக்கிறேன். சட்டம் படித்த ஐந்து பேர், லண்டனில் ஒரு வீடு, தீராத சண்டை. எக் பாத்திரத்தில் வருபவர் 'தி வாக்கிங் டெட்' ரிக், அதாவது ஆண்ட்ரூ லிங்கன் என்பது பாதியில்தான் உறைத்தது!

சிக்கல் என்னவென்றால், பேச்சு பாதி பிடிபடவில்லை. போதாததற்கு கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்; யார் பேசுகிறார் என்று பார்ப்பதற்குள் அடுத்த ஆள் திட்ட ஆரம்பித்துவிடுகிறார். நல்ல சப்டைட்டிலோடு முறையாகப் பார்க்க வழி உண்டா? டிவிடியில் சப்டைட்டில் இருக்கிறதா?

அப்புறம், அந்த ஐவரில் அன்னா பாரிஸ்டர், மில்லி சொலிசிட்டர்; இரண்டுமே வக்கீல் வேலைதான். விக் வைத்துக்கொண்டு வாதாடுவது ஒருவர், கட்சிக்காரரோடு மாரடிப்பது இன்னொருவர் என்ற அளவில் புரிகிறது. ஆனால் அன்னா ஏன் வேலைக்காக அலுவலக கிளார்க்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 2007ல் வந்த பத்தாண்டு கழித்த சிறப்பு எபிசோடைத் தொடர் முடிந்த கையோடு பார்க்கலாமா, விட்டுவிடலாமா? கதையை மட்டும் உடைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.