மரச்சட்டக வீட்டின் 'பே': 'அங்கணம்' என்னும் சொல்லுக்கு ஆதரவாக

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கிலப் பண்ணைவீடுகளைப் பற்றிய கட்டுரைக்காக, 'பே' (bay) என்னும் ஆங்கிலக் கட்டடச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு நான் எழுதிய மடலுக்கு 'அறை', 'கட்டு', 'கண்', 'தூணிடை', 'அங்கணம்' என ஐந்து சொற்கள் வந்துள்ளன. பொருளை முதலில் உறுதி செய்துகொண்டால் சொல் தானே அமையும் என்பதால், ஒரே ஒரு வீட்டை முன்வைத்து இவற்றை எடைபோடுகிறேன்.

கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டோன் ஊரில் நின்ற பேலீஃப் பண்ணைவீடு, பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது பிரிக்கப்பட்டு, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்னுமிடத்திலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு வீட்டை இப்படிப் பெயர்த்து நடமுடிந்ததற்குக் காரணம் அதன் கட்டுமான முறையே. ஓக் மரத் தூண்களும் விட்டங்களும், ஒன்றன் முனையை மற்றொன்றின் துளையில் செருகி மரமுளை அடித்து இறுக்கப்பட்டவை. கூரையின் பாரம் முழுவதையும் இந்தச் சட்டகமே தாங்குகிறது. சுவர் அதன் இடைவெளிகளை அடைப்பதற்கு மட்டுமே. (அந்தச் சுவருக்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. குச்சிகளைப் பின்னி இருபுறமும் மண் அப்பும் அதே வேலையை நம் ஊர்களிலும் செய்திருக்கிறோம். 'வரிச்சுச் சுவர்' என்றால் போதும்.)

இத்தகைய வீட்டில், எதிரெதிர்த் தூண்களை ஒரு விட்டம் இணைப்பது குறுக்குச் சட்டகம். நீளவாக்கில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறுக்குச் சட்டகங்களுக்கு இடைப்பட்ட பகுதி, தரை முதல் கூரை முகடு வரை, ஒரு 'பே' ஆகும். பேலீஃப் வீட்டில் இவை நான்கு; ஆனால் அறைகள் ஆறு. நடுவிலுள்ள பெருங்கூடம் இரண்டு பகுதிகளை ஒருசேரக் கொண்டு, மேல்தளம் இல்லாமல் முகடு வரை திறந்திருக்கிறது. தரையில் மூட்டிய அடுப்பின் புகை, புகைபோக்கி எதுவுமின்றிக் கூரை வழியாகவே வெளியேறியது. அந்தக் கூடத்தின் நடுவே ஒரு குறுக்குச் சட்டகம் சுவரே இல்லாமல் நிற்கிறது. கூடத்தின் ஒரு கோடியிலுள்ள பகுதியிலோ, கீழே பொருள்கள் வைக்கும் இரண்டு சிற்றறைகளும் மேலே ஓர் அறையுமாக மூன்று அடங்கிவிடுகின்றன. ஆகவே 'அறை' என்பது பொருந்தாது. 'கட்டு' என்பதும் பொருந்தாது. முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று நாம் சொல்வது முற்றத்தைச் சூழ்ந்த பல அறைகளின் தொகுதியை.

'கண்' என்னும் சொல் என்னை வெகுவாக ஈர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். செங்கோட்டை–புனலூர் இருப்புப்பாதையிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தைப் போல, எண்ணோடு சேர்ந்து மக்கள் நாவில் வழங்கும் சொல் அது. ஆயினும் பாலத்திலும் மதகிலும் கண் என்பது நீரோ காற்றோ ஊடுருவிப் போகும் திறப்பு. 'நான்கு கண் வீடு' என்று படிப்பவர் நான்கு சாளரங்களையே நினைப்பார். 'தூணிடை' தெளிவான ஆக்கம்தான், ஆனால் அது இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தோடு நின்றுவிடுகிறது.

குடைவரைகளை விவரிக்கும் தமிழ் ஆய்வாளர்கள், முகப்புத் தூண்களுக்கும் அரைத்தூண்களுக்கும் இடைப்பட்ட பகுதியை 'அங்கணம்' என்றே எழுதிவருகிறார்கள். மண்டகப்பட்டுக் குடைவரையில் இரண்டு முழுத்தூண்களும் இரண்டு அரைத்தூண்களும் இருப்பதால் முகப்பில் மூன்று அங்கணங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிச் சமைத்த கோயில் என்று பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் அங்கே கல்வெட்டில் பெருமையோடு சொல்வதிலிருந்தே, அதற்கு முன் கட்டடங்கள் மரத்தாலும் செங்கல்லாலும் எழுந்தன என்பது விளங்கும். கல்லுக்கு வழங்கிய சொல்லை மரக்கட்டடத்துக்கு எடுத்தாள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நேற்றைய மடலில் ஐயா ஒருவர் எழுப்பிய தடை வலுவானது. 720ஆம் குறளில் அங்கணம் என்பது தூய்மையற்ற இடம். தென்மாவட்டங்களில் பாத்திரம் கழுவும் இடத்தை இன்றும் அங்கணக்குழி என்கிறார்கள். அப்படியிருக்க வீட்டைப் பற்றிய கட்டுரையிலேயே இச்சொல் வந்தால் குழப்பம் நேராதா என்று அவர் கேட்கிறார். நேரக்கூடும். அதனால் முதன்முறை வருமிடத்தில் 'தூணங்கணம்' என்று எழுதி, பொருளையும் ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு 'அங்கணம்' எனச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. 'நான்கு அங்கண வீடு', 'ஈரங்கணக் கூடம்' என எண்ணோடு இயல்பாகப் புணர்வதால் பொருள் மயங்காது. இன்னொன்றையும் பாருங்கள்: பேலீஃபின் கூடமும் பொருள்கள் வைக்கும் பகுதியும் ஏறத்தாழ 1405–1430 காலத்தவை, கூடத்தின் மறுகோடியிலுள்ள பகுதி 1505–1510 அளவில் எழுப்பப்பட்டது. 'வீட்டில் ஓர் அங்கணம் கூட்டினார்கள்' என்று இதை ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது. 'அறை கூட்டினார்கள்' என்றால் தச்சர் செய்த வேலை விளங்காது. அவர் எழுப்பியது ஒரு முழுச் சட்டகத்தை.

அடுத்ததாக ஒரு சொல்லில் எனக்கு உங்கள் உதவி தேவை. இவ்வீட்டின் குறுக்கு விட்டத்தின் நடுவில் ஒரு குறுந்தூண் நிற்கிறது. அதைக் 'குத்துக்கால்' என்று எழுதிவிடத் தயங்குகிறேன். ஏனெனில் நம் ஓட்டுவீடுகளில் குத்துக்கால் முகட்டு வளையைத் தாங்கும், இதுவோ முகட்டை எட்டுவதில்லை. இணைக் கைமரங்களைப் பாதி உயரத்தில் பூட்டும் குறுக்குச் சட்டங்களின் அடியில், வீட்டின் நீளவாக்கில் ஓடும் ஓர் உத்திரத்தை மட்டுமே அது தாங்கி நிற்கிறது. தச்சு வேலை அறிந்த அன்பர்கள், இதற்கு வேறு பெயர் வழங்கக் கேட்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
மடலைத் தொடங்கியவன்