மல்டிமீடியாவோடு வகுப்புக்குப் போகமுன்: கொழும்புப் பாடசாலைகளிலிருந்து சில குறிப்புகள்

கொட்டாஞ்சேனை, விஞ்ஞானம்

மல்டிமீடியாவை, அதாவது சுவரில் படம் விழுத்தும் புரொஜெக்டரை, மாடிக்குத் தூக்கிப் போகமுன் அந்த வகுப்பின் பிளக் பேஸைப் பாருங்கள். பழைய கட்டடங்களில் உருண்டை முனை 5 அம்பியர் பேஸ் இருக்கும்; மல்டிமீடியாவின் வயரிலோ சதுர முனை 13 அம்பியர் பிளக். இடையில் செருகும் அடப்டர் கொஞ்சம் ஆடினாலும் கரண்ட் அறுபடும். பல்ப் உள்ள மல்டிமீடியா அப்படி அணைந்தால் சூடு இறங்கும்வரை மறுபடி எரியாது. பாடவேளையே கொஞ்ச நேரம்தான். பாடம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கவும் கூடாது. உள்ளே காற்றாடி நிற்கும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் பல்பின் ஆயுள் குறையும்.

அடுத்தது வெளிச்சம். அரைச் சுவர் வகுப்பை இருட்டாக்க முடியாது. படத்தைச் சிறிதாக்குங்கள்: 2 மீற்றர் அகலத்தை 1.4 ஆக்கினால் பரப்பு பாதியாகும், அதே ஒளி இருமடங்கு அடர்த்தியாக விழும். அதற்கு மேசையை முன்னால் தள்ளினால் போதும். சாதாரண வில்லைக்குத் தூரம் அகலத்தின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதாவது 2.1 மீற்றர். வெண்பலகையில் விழுத்தினால் நடுவில் பளபளக்கும், பின்வரிசைப் பிள்ளைக்கு அந்த இடம் வெறும் வெள்ளை. பளபளப்பில்லாத வெள்ளைத் துணி நல்லது.

வெள்ளவத்தை, புவியியல்

சேர் சொன்னதோடு எழுத்தையும் கவனிக்க வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஸ்லைட், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யுனிகோடுக்கு மாற்றுங்கள்; அவசரமென்றால் பிடிஎஃப் ஆக்குங்கள். அளவு 28க்குக் குறைந்தால் ‘ண’வும் ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகிவிடும்.

இணையத்தின் பெறுமதி பாடநூலால் காட்ட முடியாததைக் காட்டுவதில்தான். நிலமீட்புப் பாடத்துக்குக் பழைய செய்மதிப் படங்களையும் காட்டும் கூகுள் ஏர்த் புரோவில் காலிமுகத்திடலைத் திறந்து, காலப் பட்டியை 2014க்கு முன்னும் 2019க்குப் பின்னும் நகர்த்துங்கள். வெறுங்கடலாக இருந்த இடத்தில் துறைமுக நகரின் 269 ஹெக்டேயர்! இதை வகுப்பில் நேரடியாகச் செய்யாதீர்கள், படம் தெளியுமுன் பிள்ளைகளின் கவனம் போய்விடும். வீட்டில் இடக்குறி வைத்து, ஒரே பார்வை உயரத்தில் இரண்டு படங்களையும் சேமித்து வாருங்கள். உயரம் மாறினால் ஒப்பீடே பிழை. முதற்படத்தின் கரைக்கோட்டைப் பிள்ளைகள் கொப்பியில் வரைந்த பிறகே இரண்டாவதைக் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் “கடலை நிரப்பியிருக்கு மிஸ்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும், எந்தப் பக்கம் எவ்வளவு என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

மருதானை, கணிதம்

போன் ஹொட்ஸ்பொட்டில் இணையம் எடுப்பதானால், மடிக்கணினியின் வைஃபை அமைப்பில் அதை ‘மீற்றர்ட்’ (metered, டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடும்) இணைப்பாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் டேட்டாவைக் குடித்துவிடும். பின்னத்துக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ (PhET) எனும், பிள்ளைகள் தாமே இயக்கிப் பார்க்கும் கணினி மாதிரிகளை இறக்கி வைத்தால் இணையமில்லாமலே பிரவுசரில் ஓடும். கணினியை மல்டிமீடியாவோடு இணைக்கும் பழைய விஜிஏ வயரில் சத்தம் வராது, ஸ்பீக்கரைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

கொள்ளுப்பிட்டி, கணினிக்கூடம்

டிசெம்பர் விடுமுறைக்குப் பூட்டி வைக்கும்போது உப்புக்காற்றை மறக்க வேண்டாம், வயர் முனைகளில் பச்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். வில்லையில் தூசி இருந்தால் முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். அப்படியே துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும்.