வேத ஆராய்ச்சியில இன்னும் உறுத்துற ஒரு சம்பவம்: உங்களுக்கு எது?

கிரேக்கத்தில் பெயில்
நானே ஆரம்பிக்கிறேன். பி.டி. (போதகர் ஆகப் படிக்கிற இறையியல் பட்டம்) ரெண்டாம் வருஷம். வாராந்திர ஊழியத்துக்கு நெல்லைப் பக்கம் ஒரு கிராமச் சபை. திரித்துவ ஞாயிறு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள்ங்கிறதை நினைக்கிற நாள்), பிரசங்கம் எனக்கு. அந்த வாரம்தான் வகுப்பில் 1 யோவான் 5:7 நடத்தியிருந்தாங்க, வாய் சும்மா இருக்குமா? "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி"ங்கிற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த எராஸ்மஸ் 1516-லயும் 1519-லயும் போடல, "ஒரு பிரதியில் காட்டுங்க, போடுறேன்"னு வாக்குக் கொடுத்து மாட்டிக்கிட்டு 1522-ல போட்டார்னு அடிச்சு விட்டேன்.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல ஒரு பாட்டி. பழைய வேதாகமம், அட்டையில் துணி தைச்சு வெச்சிருந்தாங்க. அந்த வசனத்து மேல விரலை ஊன்றி, "இந்தா இருக்குல்லாய்யா?"ன்னாங்க. பீடி சுத்திச் சுத்தி நகம் தேஞ்ச விரல். நான் மறுபடி விளக்கினேன், பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "சரிய்யா. அப்பம் மீதியில எதெல்லாம் இல்ல? அதையும் சொல்லிட்டுப் போங்க."

பன்னிரண்டரை பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்.

மூலபாடப் பைத்தியம்
தம்பி, மேடையில சொன்னதே தப்பு. அந்த வாக்குக் கதை கட்டுக்கதை. எராஸ்மஸ் அப்படி எங்கேயும் வாக்குக் கொடுக்கலன்னு நெதர்லாந்து லைடன் பல்கலைக்கழக அறிஞர் டி யோங்கே 1980-லேயே எழுதிட்டார். தன்னை வேதப்புரட்டன்னு அவதூறு பேச யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாதுன்னுதான் சேர்த்தேன்னு எராஸ்மஸே குறிப்பில் சொல்றார். அவருக்குக் காட்டின பிரதி இப்போ டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கு. அதுவே 16-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் எழுதினது. 14-ஆம் நூற்றாண்டுக்கு முந்தின எந்தக் கிரேக்கப் பிரதியிலும் அந்த வரி பாடத்துக்குள்ள இல்ல. லத்தீன் வழியா வந்தது.

என் அனுபவம் பெருசா ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட இதையே சொல்லி மூணு நாள் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தேன். ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மூலபாட விஷயத்தை, அதாவது எந்த வரி எந்தப் பழைய பிரதியில் இருக்கு இல்லைங்கிறதை, பிரசங்கத்தில் தொடாதீங்க. சாயங்கால வேத ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு வைங்க, அங்கே எதிர்க்கேள்வி கேக்கலாம். 1871-ல வந்த, அந்த வரி இருக்கிற பவர் தமிழ் வேதாகமத் திருப்புதலையும் 1995-ல வந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல கையில கொடுங்க. திருவிவிலியத்தில் ஆவியும் நீரும் இரத்தமும் மட்டும்தான் சாட்சி. அவங்களே கண்டுபிடிக்கட்டும். வரி இல்லாததால திரித்துவம் போயிடாது, மத்தேயு 28:19 இருக்குன்னு அதே மூச்சில் சொல்லணும். எதையும் எடுக்கறதுக்கு முன்னாடி எதைக் கொடுக்கப் போறோம்னு...

பதிவேட்டுப் பூச்சி
மேலே உள்ளவர் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டார். இது அனுபவம் பகிர்ற இடம்ணே.

நான் சபை வரலாறு. 19-ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெண்களைத் தேடினேன். அதுக்கு முந்தின பாளையங்கோட்டை 1780 சபைப் பட்டியலில் நாற்பது பேர், முதல் பெயரே குளோரிந்தா, அங்கே கோயில் கட்டின அம்மா. அவங்களைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. எனக்கு மத்தவங்க வேணும்.

ஒரு சபையில் (எதுன்னு சொல்லல) பதிவேடு பீரோவில் கூட இல்ல, ஆர்மோனியத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தாங்க. செல்லரிச்ச பக்கம், தொட்டா பொடி. ஒரு பெண் பெயருக்கு நேரே புதுப்பெயர் எழுதி, அதை மையால அடிச்சு, மேலே சின்ன எழுத்தில் பழைய பெயரையே திரும்ப எழுதியிருந்தது. பக்கம் முழுக்க வேற எங்கேயும் அடித்தல் இல்ல. வேண்டாம்னு சொன்னது அந்தம்மாவா? எழுதினவர் கை தவறிட்டாரா? பெயரைப் போடல, குடும்பம் இன்னும் அதே ஊர்ல இருக்கு.

போட்டோ எடுக்க கமிட்டியில் கேக்கணும்னாங்க. கேட்டு, அனுமதி வாங்கிப் போறப்போ கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிச்சிருந்தாங்க. "பழைய பேப்பரெல்லாம் கொளுத்தியாச்சு"ன்னார் கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைப் பார்க்கிறவர்), ஏதோ நல்ல செய்தி சொல்ற மாதிரி. ஆய்வேட்டில் அந்தம்மாவைப் பத்தி ஒரு வரி கூட எழுத முடியல. ஆதாரம்?

தரங்கைக்காரன்
சின்னதுதான். லுத்தரன் குடும்பங்களில் வேதாகமத் தமிழ் பத்திப் பேட்டி எடுத்துட்டு இருந்தேன். தெய்வத்துக்கு, 18-ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் "பராபரன்"னு வெச்ச சொல் எத்தனை வீட்டில் மிச்சம் இருக்குன்னு கணக்கு. ஒரு தாத்தா ஜெபத்தை "பராபரனே"ன்னு தொடங்கினார். இப்போ எல்லாரும் தேவன், கடவுள்னுதானே சொல்றாங்கன்னு கேட்டேன். "அது வாயில நிக்கல தம்பி. பராபரன்னாத்தான் வாய் நிறையுது"ன்னார். படிவத்தில் "காரணம்"ங்கிற கட்டத்தில் என்ன எழுதறதுன்னு தெரியாம "பழக்கம்"னு போட்டேன். அது பொய்னு எனக்குத் தெரியும்.

மூலபாடப் பைத்தியம்
@பதிவேட்டுப் பூச்சி, மொபைலை அன்னைக்கே வெளியே எடுத்திருக்கணும். பதிவேட்டைப் பார்த்த உடனே...

பதிவேட்டுப் பூச்சி
தெரியும்ணே. தினமும் தெரியுது.

கிரேக்கத்தில் பெயில்
டி யோங்கே விஷயத்துக்கு நன்றிண்ணே, பரீட்சையிலும் அதே கதையைத்தான் எழுதி மார்க் வாங்கினேன். ஆனா பாட்டி கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல பாருங்க.

நான் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன், அடுத்த தடவை கொடுக்கலாம்னு. மாற்கு 16:9 முதல் 20 வரை, ரொம்பப் பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்ல, எழுதிட்டேன். அடுத்தது யோவான் 7:53 முதல் 8:11 வரை. கல்லெறிய நின்னவங்க ஒவ்வொருத்தரா போயிட, அந்தப் பெண் தனியா நிக்கிற இடம். அந்தப் பாட்டி வேதாகமத்தில் அந்தப் பக்கம் மட்டும் ஓரம் கறுத்துப்போய் இருந்ததை நான் அன்னைக்கே பார்த்தேன்.

"மாற்கு"ன்னு ஒரே வரியோட தாள் இன்னும் மேஜையிலதான் இருக்கு.