'நம்ம வளவு' குழு: ஊருணியைச் சேர்க்கலாமா?

பெரியப்பா: தம்பி, நேற்று சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் எதிர் வீட்டு முகப்பில் போனை நீட்டிக்கொண்டு நின்றாயாமே? காவல்காரர் வந்து கேட்டார்.

நான்: ஆமாம் பெரியப்பா, போக்கிமான் கோ என்ற போன் ஆட்டம் ஆடினேன். நாம் நடந்தால்தான் அந்த ஆட்டமும் நகரும். ஜிபிஎஸ் பார்த்து, நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப, பிடிக்க வேண்டிய கற்பனை உயிர்களின் உருவங்கள் திரையில் வரும். கேமராவைத் திறந்தால் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும்.

தங்கை: அண்ணே, ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்கிற இடத்தை ஸ்டாப் என்கிறார்களே, சென்னையில் அது இத்தனை இருக்கிறது. இங்கே ஒன்றுகூட இல்லையே, ஏன்?

நான்: இதைச் செய்த நியாண்டிக் குழு 2012இல் இன்கிரெஸ் என்று ஓர் ஆட்டம் விட்டது. அதை ஆடியவர்கள் தங்கள் ஊர்க் கோயில், சிலை, பூங்கா எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினார்கள். 2016இல் போக்கிமான் கோ வந்தபோது அந்த இடங்களில் நிறைய ஸ்டாப்புகள் ஆயின. நம் ஊரிலிருந்து யாரும் அனுப்பவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. நம் ஊருணியைச் சேர்க்கப் போகிறேன்.

பெரியப்பா: அப்படியே நம் வீட்டையும் சேர்த்துவிடு.

நான்: தனியார் வீட்டைச் சேர்க்க விதி விடாது. அதுதான் நல்லது பெரியப்பா. பாதி வீடு பூட்டிக் கிடக்கிற ஊரில் ராத்திரி யாரோ முகப்பில் வந்து நின்றால் பயமாக இருக்காதா? நேற்று நான் நின்றதும் தவறுதான். காவல்காரரிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

அப்பத்தா: ஊருணி வேண்டாம் அப்பு. போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் படியில் இறங்கும். பாசி வழுக்கும்.

நான்: இறங்கவே வேண்டாம் அப்பத்தா. முன்பு ஸ்டாப்புக்கு 40 மீட்டருக்குள் போக வேண்டும். கொரோனா சமயத்தில் 80 ஆக்கினார்கள். 2021இல் திரும்பக் குறைத்தபோது ஆடுகிறவர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள், 80 நிலைத்துவிட்டது. கரைக்கு மேலே அரசமரத்தடியில் நின்றாலே எட்டும்.

சித்தி: அப்போ சரி. என்ன அனுப்ப வேண்டும்?

நான்: படம், பெயர், நாலு வரி விவரம். மற்ற ஆட்டக்காரர்களும் பார்த்துத்தான் ஏற்பார்கள். அப்பத்தா, விவரத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பத்தா: நாலு பக்கமும் செம்புறாங்கல் படி. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து விழும். குழாய் வருமுன் ஊருக்கே குடிக்க அந்தத் தண்ணீர்தான். அதில் கால் கழுவினால் பெரியவர்கள் விடமாட்டார்கள். இதை முதலில் எழுது.

நான்: அப்படியே எழுதுகிறேன்.

அப்பத்தா: வெயில் ஏறுமுன் வா, வரத்துக்காலையும் காட்டுகிறேன். செருப்பைக் கரையிலேயே விட்டுவிடு.